சேவைவழிக் கற்றலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைச் சரிபார்க்க வருகைப் பதிவேடு போதும். பாடத்தோடு இணைத்து நடத்தும் சேவைவழிக் கற்றலுக்கு அது போதவே போதாது. தெருவில் இறங்கி வேலை செய்த மாணவர் வகுப்புப் பாடத்தை எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டார் என்று பார்த்துத்தான் அங்கே மதிப்பெண் போட வேண்டும்.

வட சென்னையின் வியாசர்பாடியில் ஒரு மாலை நேர டியூஷன் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 கல்லூரி மாணவர்கள் வாரம் 2 நாள், நாளுக்கு ஒன்றரை மணி, 12 வாரம் போகிறார்கள். ஒருவருக்கு மொத்தம் 36 மணி நேரம். 3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது வேலை.

முதலில் காலண்டரைப் பாருங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் நிற்கும், வகுப்பும் நிற்கும். ஜூலை முதல் வாரம் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசிக்குள் 12 வாரம் முடிந்துவிடும். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் வேலை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைக் கவனியுங்கள். முதல் கணக்கெடுப்பைத் தடைக்காலத்திலும் இரண்டாவதைப் படகு கடலுக்குப் போகும் நாட்களிலும் எடுத்தால், வருமானமும் வீட்டு நேரமும் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை மாணவர்கள் தங்கள் வேலையின் பலன் என்று எழுதிவிடுவார்கள்.

முதல் வாரமே அளவெடுங்கள். 2ஆம் வகுப்புத் தரத்தில், பிள்ளைகள் முன்பு பார்த்திராத 60 சொல் பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ண வேண்டும். கடைசி வாரம் அதே கடினத்தில் வேறு பத்தி. பழைய பத்தியையே கொடுத்தால் மனப்பாடம்தான் தெரியும். இரண்டு முறையும் வந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிடுங்கள். தடுமாறிய பிள்ளைகள் பாதியில் நின்றுபோனால் சராசரி தானாகவே ஏறிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளின் முன்னேற்றத்தை அப்படியே மாணவரின் மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள். அந்தப் பிள்ளைகள் பகலில் பள்ளிக்கும் போகிறார்கள். எண் ஏன் ஏறியது, ஏன் ஏறவில்லை என்று மாணவர் விளக்குகிறாரே, அந்த விளக்கத்துக்கே மதிப்பெண்.

100 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: வருகை 10, நாட்குறிப்பு 35, சென்டருக்குக் கொடுத்துவிட்டு வரும் வாசிப்பு அட்டைத் தொகுப்பு 20, சென்டரின் கருத்து 15, வாய்மொழித் தேர்வு 20. போட்டோவுக்கு எதுவும் வேண்டாம். நாட்குறிப்பில் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம், எண் போதும்.

நாட்குறிப்புதான் கடினமான பகுதி. ஒவ்வொரு நாளும் அரைப் பக்கம், மூன்று கேள்விகள்: இன்று கண்ணால் பார்த்தது என்ன, நேற்றுவரை நான் நினைத்திருந்தது என்ன, இது எந்தப் பாடத்தோடு சேர்கிறது அல்லது முட்டுகிறது. ‘பிள்ளைகளோடு இருந்தது மகிழ்ச்சியாக இருந்தது’ என்ற வரிக்கு நான்கு படிகளில் முதல் படிதான். ‘7ஆம் எண் பிள்ளை தனி எழுத்துகளைச் சரியாகச் சொல்கிறாள், கொம்பு வரும் சொற்களில் நிற்கிறாள், நாளை கெ, கே வரிசையை மட்டும் எடுக்கிறேன்’ என்ற வரிக்கு நான்காம் படி. எல்லா நோட்டுகளையும் கடைசியில் திருத்தாதீர்கள். 3ஆம் வாரமும் 7ஆம் வாரமும் வாங்கிப் பார்த்தால், ஒரே ராத்திரியில் எழுதிய நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் பலர் தெரியாமலே ஒரு அநியாயம் செய்கிறார்கள். வெளியூர் மாணவர் ‘இப்படியும் வாழ்கிறார்களா’ என்று அதிர்ந்து எழுதினால் ஆழமான சிந்தனை என்று அள்ளிப் போடுகிறோம். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பிறந்து வளர்ந்த மாணவருக்கு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதில் அதிர என்ன இருக்கிறது? ஆனால் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பாடத்தோடு கோத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். எழுதத் தயங்குபவர் தமிழில் பேசிப் பதிவு செய்து தரட்டும்.

மதிப்பீட்டுக்கு முன் இரண்டு ஆசிரியர்கள் ஒரே 5 நோட்டுகளைத் தனித்தனியே திருத்த வேண்டும். ஒரே நோட்டில் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வந்தால், படிகளின் விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள். அதைத் திருத்தி எழுதிய பிறகே மற்றவை.

சென்டரின் கருத்துக்குப் படிவம் அனுப்பினால் எல்லாருக்கும் முழு மதிப்பெண் வந்துவிடும். அடுத்த வருஷமும் மாணவர்கள் வரவேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். மாணவர்கள் இல்லாத நேரத்தில் நேரில் போய் உட்காருங்கள். ‘நல்லா செஞ்சாங்களா?’ என்று கேட்டால் ‘நல்லா செஞ்சாங்க சார்’ என்றுதான் பதில் வரும். ‘வராத நாள்ல முன்னாடியே சொன்னாங்களாம்மா? அவங்க வந்ததால உங்களுக்கு எந்த வேலை கூடிச்சு? இந்த அட்டையை இப்பவும் எடுக்கிறீங்களா?’ என்று கேளுங்கள். அட்டைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெட்டி மேல் தூசி இருந்தால், அந்த 20 மதிப்பெண்ணை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.