பாக்கெட் பிஸ்டலில் .22 ரிம்ஃபயர்: எடைபோட்டு வாங்க, சோதித்து வைத்திருக்க

சின்ன .22 (0.22 அங்குல அளவுத் தோட்டா) பிஸ்டல் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது தோட்டாவின் பலம் போதுமா என்பதுதான். பலம் குறைவு. அதில் விவாதமே இல்லை. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், இந்தத் துப்பாக்கியில் அடுத்து என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வி தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. சென்டர்ஃபயர் தோட்டாவின் அடியில் நடுமையத்தில் தனியாக ஒரு பிரைமர் (அடித்ததும் பற்றும் சிறு மூடி) இருக்கும். .22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதில் பிரைமர் கிடையாது. ஈரமான பற்றவைப்பு மருந்தைத் தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, விளிம்பின் உட்குழிக்குள் பரவவிடுகிறார்கள். ஃபயரிங் பின் (துப்பாக்கியில் தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றுகிறது. எங்காவது ஓர் ஓரத்தில் மருந்து பரவாமல் விட்டுப்போய், ஊசி சரியாக அங்கே விழுந்தால் வெறும் 'டிக்' சத்தம்தான். அதே தோட்டாவைச் சற்றுத் திருப்பிப் போட்டு வேறு இடத்தில் அடித்தால் பல நேரம் வெடித்துவிடும். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் உருவாக்கிய .25 ஏசிபி தோட்டா, குறுங்குழலில் .22-ஐவிடப் பெரிதாகப் பலம் கூடியதல்ல. ஆனால் அது சென்டர்ஃபயர் என்பதால் நம்பகமாகப் பற்றும். விலை அதிகம் என்பதுதான் அதன் குறை.

நன்மைகளும் சின்னவை அல்ல. உதைப்பு மிகக் குறைவு. மணிக்கட்டு பலவீனமானவர், விரல் மூட்டில் வாதம் உள்ளவர் கூட அடுத்தடுத்து குறி தவறாமல் சுடலாம். 400 கிராமுக்குக் குறைவான .380 (சற்றுப் பெரிய தோட்டா) பிஸ்டலைப் பிடித்து இரண்டு மேகசின் சுட்டவருக்கு இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். தோட்டா மலிவு என்பதால் நிறையப் பயிற்சி எடுக்கலாம்.

குறைகளில் முதலாவது வேகம். துப்பாக்கிக் கடை அட்டையில் வினாடிக்கு 1,200 அடி என்று போட்டிருப்பது ரைஃபிள் நீளக் குழலில் அளந்தது. இரண்டரை அங்குலக் குழலில் அது 900 அடி அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் பல ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள) குண்டுகள் விரிவதில்லை, விரிந்தாலோ ஆழம் போவதில்லை. ஆகவே 40 கிரெய்ன் (2.6 கிராம்) உருண்டை முனைக் குண்டே பாக்கெட் பிஸ்டலுக்குப் பாதுகாப்பான தேர்வு. சத்தமும் குறைவில்லை: குறுங்குழல் .22 கூட 140 டெசிபெலைத் தாண்டும், காதுக்கவசம் கட்டாயம். .22 மேக்னம் (நீளமான, மருந்து கூடிய .22) வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். அதன் கூடுதல் மருந்தில் பெரும்பங்கு குறுங்குழலுக்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் போய்விடும். மேக்னம் அறையில் (தோட்டா உட்காரும் இடத்தில்) எல்ஆர் என்ற சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டா போட்டுச் சுடுவதும் கூடாது. அறை அகலம் என்பதால் கூடு பிளக்கும்.

இப்போது அமைப்புகளுக்கு வருவோம். 'டிக்' கேட்ட அடுத்த கணத்தில்தான் இவை பிரிகின்றன.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் (விசையை இழுப்பதே ஹேமர் என்ற சுத்தியலைத் தூக்கி விடும் வகை) விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலைப் போல மேலே நகரும் ஸ்லைடை இழுக்க வேண்டியதில்லை. அதற்கு விலையாக விசை கனமாக இருக்கும். விளிம்பை நசுக்க வலுவான அடி தேவை என்பதால் ஸ்பிரிங்கும் வலுவாக இருக்கிறது. விசையை இலகுவாக்க ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் பிறகு தோட்டாவைக் குறை சொல்வதுண்டு. குறை ஸ்பிரிங்கில்.

பெரெட்டா 21ஏ போன்ற, குழல் மேலே எழும் பிஸ்டல்களில் ஸ்லைடை இழுக்கும் பலம் தேவையில்லை. தோட்டாவை நேரே குழலில் வைத்து மூடலாம். ஆனால் இவற்றில் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) இல்லை. வெடிக்காத தோட்டாவை ஸ்லைடு இழுத்து எறியாது, குழலைத் தூக்கி விரல் நகத்தால்தான் எடுக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷன் என்பதால் அதே தோட்டாவில் இரண்டாவது அடி கொடுக்க முடிவது ஓர் ஆறுதல்.

ஐந்து தோட்டா மினி ரிவால்வர் உள்ளங்கையில் மறையும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை இழுக்க வேண்டும், நிரப்பச் சிலிண்டரையே கழற்ற வேண்டும். ஹேமர் ஒரு தோட்டாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்படி எடுத்துச் செல்லவே கூடாது. கீழே விழுந்தால் வெடிக்கும். அறைகளுக்கு நடுவே உள்ள பாதுகாப்பு வெட்டில் ஹேமரை இறக்கி வைக்க வேண்டும்.

உரிமமும் சட்டமும் சரிபார்த்து வாங்கியபின், சோதனை:

1. குழல், அறை, மேகசின் எல்லாவற்றையும் துடைத்து, ஸ்லைடு தடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய்.
2. மேகசினில் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் விழுந்தால் மேல்தோட்டா சிக்கி முன்னேறாது.
3. மூன்று நான்கு வகை அதிவேகத் தோட்டாவில் தலா ஒரு பெட்டி (50) சுடுங்கள். மெதுவான தோட்டா பல பிஸ்டல்களில் ஸ்லைடை முழுதும் தள்ளாது.
4. சிக்கலின்றி ஓடிய ஒரு வகையை மட்டும் எடுத்து, இன்னும் 200. வெடிக்காதவற்றையும் சிக்கியவற்றையும் தனித்தனியே குறியுங்கள். முதலாவது தோட்டாவின் அல்லது ஸ்பிரிங்கின் குறை, இரண்டாவது மேகசின் அல்லது அழுக்கு.

சோதனையில் 'டிக்' வந்தால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 வினாடி வைத்திருங்கள், தாமதித்து வெடிப்பதும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் குண்டு தங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும்.

காலியான .22-ஐ விசை இழுத்துப் பழக வேண்டாம், கையேடு அனுமதித்தால் தவிர. கூட்டின் விளிம்பு இல்லாத இடத்தில் ஃபயரிங் பின், அறையின் ஓரத்தையே அடிக்கும். அங்கே விழும் பள்ளம் பிறகு கூட்டை வெளியே விடாது.

ஈயமும் மெழுகும் அறையில் படியும், 200 தோட்டாவுக்கு ஒருமுறை பிரஷ் போடுங்கள். பிறகு கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. பாக்கெட்டில் விசையை முழுதும் மூடும் உறை இல்லாமல் வைக்காதீர்கள், அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை, பஞ்சு எதுவும் இருக்கக் கூடாது.

ரிம்ஃபயர் கூட்டின் வாய் எண்ணெயும் வியர்வையும் புகாதபடி அடைக்கப்பட்டதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருந்த தோட்டாக்களைப் பயிற்சி மைதானத்தில் சுட்டுத் தீர்த்துப் புதியவற்றைப் போடுங்கள். சுடும் முன் துப்பாக்கியைத் துடைக்காதீர்கள். பாக்கெட்டில் இருந்த தூசியோடு அது வேலை செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.