பிரேக் ஒயில் குறையுது, நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை: எங்கே தேடுவது?

பிரேக் ஒயில் மட்டம் இறங்குகிறது, காருக்குக் கீழே ஈரமே இல்லை. இந்த நிலையில் டிக்கியில் ஒரு போத்தல் ஒயிலை வைத்துக்கொண்டு, குறையக் குறைய ஊற்றி ஓடுகிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி ஓடாதீர்கள். ஏ9 நெடுஞ்சாலையில் இருட்டுக்குள் மாட்டுப்பட்டி ஒன்று றோட்டிலேயே படுத்திருக்கும், உள் றோட்டில் உழவு மெஷின் பின் லைற் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பெடல் அடிவரை போனால் என்ன செய்வீர்கள்? எஞ்சின் ஒயில் போல எரிந்து தீருகிற சாமான் அல்ல இது. குறைந்தால் எங்கோ போயிருக்கிறது, போன இடத்தைப் பிடிக்கலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முன் சில்லில் தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பாட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அது ஒழுக்கு அல்ல, மாதக்கணக்கில் மெல்ல நடப்பது. ஊற்றின கிழமையே மறுபடி இறங்கினால் ஒழுக்குத்தான். பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மெதுவாக உள்ளே போனாலோ, மிதித்தவுடன் தரையைத் தொட்டாலோ காரை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வது பெடல் இன்னும் உறுதியாக இருக்கிற கார்களுக்கு.

பொனற்றுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் டப்பாவின் மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று ஒயிலின் வகை இருக்கும், அதே வகையைப் புதுப் போத்தலில் இருந்து மேல் கோடு வரை ஊற்றி, மட்டத்துக்கு நேரே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அரித்துவிடும்.

எங்கள் ஊர்த் தூசு இந்த வேலைக்கு நல்ல துணை. கோடையில் கிரவல் றோட்டில் ஓடின காரில், ஒயில் கசிகிற இடத்தில் மட்டும் செம்மண் கறுத்து ஒட்டியிருக்கும். மாரியில் இது கிடைக்காது, ஏனென்றால் பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், மழை அடையாளத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மழை நாளில் தேடுவதென்றால் காரைக் கூரைக்குக் கீழே விட்டு, காய்ந்த பிறகு தொடங்குங்கள். ஈரம் கண்டால் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தண்ணீர்க் கிளாசில் விடுங்கள். கரைந்து போனால் பிரேக் ஒயில், மேலே மிதந்தால் எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ.

சரி, இனி ஒளிந்திருக்கும் இடங்கள். கியர் போடுகிற காராக இருந்தால் கிளட்ச்சை முதலில் பாருங்கள், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நிறைய மொடல்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா, அப்போது கிளட்ச் சிலிண்டர் ஒழுகினாலும் குறைவது பிரேக் ஒயில்தான். பெடலுக்குக் கீழே விரிப்பைத் தூக்கித் தடவிப் பாருங்கள், பிறகு கியர்பொக்ஸ் பக்கத்துச் சிலிண்டரின் ரப்பரைப் பாருங்கள்.

அடுத்தது பின் ட்ரம், அதாவது பின் சில்லுக்குப் பின்னால் பிரேக்கை மூடியிருக்கும் இரும்புச் சட்டி. ஒழுக்கு அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். ட்ரம்மில் உரசி நிறுத்தும் வளைந்த துண்டுதான் ஷூ, அதைத் தள்ளுவது வீல் சிலிண்டர். அந்தச் சிலிண்டரில் இருந்து கசிகிற ஒயிலை ஷூவும் உள்ளே கிடக்கும் தூளும் குடித்துவிடும், வெளியே வர நாள் பிடிக்கும். காரை மட்டமான இடத்தில் விட்டு, முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கை விட்டு, ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, சில்லைக் கழற்றுங்கள். மணலென்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே கனமான பலகை கட்டாயம். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக் கூடாது. ட்ரம் கழலாவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், பல ஜப்பான் கார்களில் ட்ரம்மிலேயே மரை வெட்டின இரண்டு ஓட்டை இருக்கும், பொருத்தமான போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூளை ஊதவே வேண்டாம், பழைய ஷூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். இனி சிலிண்டரின் இரண்டு நுனியிலும் உள்ள ரப்பர் மூடியின் ஓரத்தை மெதுவாகத் தூக்குங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, ஒயில் வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. ஒயில் குடித்த ஷூவைக் கழுவித் திரும்பப் போட வேண்டாம், இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். பின் சில்லு இழுக்கிற ஹையேஸ் மாதிரி வானில் கியர் ஒயிலைத் தடுத்து நிற்கும் அக்ஸில் சீல் போனாலும் ட்ரம் நனையும், கிளாஸ் தண்ணீர்ச் சோதனை அதைக் காட்டிவிடும்.

ட்ரம் இரண்டும் காய்ந்திருந்தால் பூஸ்டரை, அதாவது எஞ்சின் வெற்றிடத்தால் மிதியை இலகுவாக்கும் வட்டப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். அதற்கு முன்னால் பூட்டியிருப்பது, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். அதன் பின் சீல் தேய்ந்தால் ஒயில் நேரே பூஸ்டருக்குள் போய்த் தேங்கும், வெளியே எதுவும் தெரியாது. பெற்றோல் காரில் எஞ்சின் அதை இழுத்து எரிக்கவும் கூடும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே பெயின்ற் உரிந்திருக்கிறதா பாருங்கள். உறுதிப்படுத்த, எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பல தடவை மிதித்து பூஸ்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தைப் போக்கிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் நட்டுகளைக் கழற்றி, பைப்பை அவிழ்க்காமலே, வளையவிடாமல், கொஞ்சம் முன்னால் இழுத்துப் பின்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். துணி நனைந்தால் விஷயம் முடிந்தது.

அதுவும் இல்லையென்றால் பிரேக் ஒயில் ஓடுகிற பைப்தான். ஒருவரை உள்ளே இருத்தி, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டோர்ச் அடித்துப் பைப் பாதை முழுக்கப் பாருங்கள். கிளிப்புக்குக் கீழே சேறு தங்கித் துரு பிடித்த இடம், பின் அக்ஸிலுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத பகுதி, ரப்பர் ஹோஸின் இரண்டு நுனி. அக்ஸிலுக்கு மேலே கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள், விரலால் தடவுங்கள். துருப்பிடித்த பைப்பைக் குளிர்சாதனப் பெட்டியின் பைப்பால் ஒட்டுப் போட விடாதீர்கள், பிரேக்குக்கென்றே செய்த பைப்பை முழுதாகப் போடச் சொல்லுங்கள்.

எதைக் கழற்றினாலும் ரப்பரை மண்ணெண்ணெய், பெற்றோல், டீசலில் கழுவாதீர்கள், ஊதிப்போய் மற்ற சீல்களும் போகும். புது பிரேக் ஒயிலாலேயே துடைக்கலாம். சாமான் மாற்றினால் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும், அது முடிந்து பெடல் கல்லுப்போல நின்ற பிறகுதான் வெறுமையான வளவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டேப் ஒட்டின மட்டத்தை அடுத்த இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு காலையும், காரை எடுக்க முதல் பாருங்கள்.