பொட்டாசியம் சேனல் ஆன்டிபாடிக்கு பிளாக்கிங் பெப்டைட் போட்டு பாக்குறது எப்படி

வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன்கள ஜெல்லுல அளவு வாரியா பிரிச்சு, ஆன்டிபாடி வச்சு கண்டுபிடிக்கிற முறை) கேவி1.2 மாதிரி ஒரு பொட்டாசியம் சேனலுக்கு (செல் சவ்வுல பொட்டாசியம் போற வழியா இருக்குற புரோட்டீன்) ஆன்டிபாடி போட்டா மூணு நாலு பேண்ட் (கோடு) வந்து நிக்கும், எது நிஜம்னு குழம்பும், அப்போதான் பிளாக்கிங் பெப்டைட் கைகொடுக்கும். இது ஒரு சின்ன புரோட்டீன் துண்டு, ஆன்டிபாடி ஒட்டுற இடத்த முன்கூட்டியே அடைச்சிடும், அதனால அந்த ஆன்டிபாடி குறிப்பா பிடிக்கிற பேண்ட் மறைஞ்சிடும். எந்த பெப்டைட வச்சு அந்த ஆன்டிபாடிய உருவாக்கினாங்களோ அதே சீக்வென்ஸ்தான் (அமினோ அமில வரிசை) வேணும், வேற துண்டு வேலைக்கு ஆகாது.

பெப்டைட் பவுடரா வர்ற சின்ன குப்பிய திறக்குறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சுத்து விடுங்க, பவுடர் மூடியில ஒட்டியிருக்கும். கரைச்சதும் சின்ன சின்ன பங்கா பிரிச்சு மைனஸ் 20 டிகிரில வைங்க, திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீங்க.

ஆன்டிபாடிய ரெண்டு ட்யூபா பிரிங்க. ஒண்ணுல ஆன்டிபாடி எடைக்கு 5 மடங்கு பெப்டைட், இன்னொண்ணுல வெறும் பஃபர். ஆன்டிபாடி 150 கிலோடால்டன், பெப்டைட் சுமார் 2தான், அதனால மூலக்கூறு கணக்குல பாத்தா பல நூறு மடங்கு, தாராளமா போதும். ரூம் டெம்பரேச்சர்ல ஒரு மணி நேரம், இல்லன்னா 4 டிகிரில ராத்திரி முழுக்க. அப்புறம் ஒரே சாம்பிள் ஓட்டின ரெண்டு பிளாட்ல தனித்தனியா போட்டு, எக்ஸ்போஷர் நேரம் உட்பட எல்லாத்தையும் ஒரே மாதிரி வைங்க.

சாம்பிள கொதிக்க வைக்காதீங்க ப்ளீஸ், மெம்பரேன் புரோட்டீன் கட்டியாகி ஜெல்லோட மேலயே நின்னுடும்.

பெப்டைட் போட்டதும் மறையிற பேண்டெல்லாம் சேனல்தான்னு முடிவு பண்ணிடாதீங்க, அதே மாதிரி சீக்வென்ஸ் இருக்குற வேற புரோட்டீனும் சேர்ந்தே மறையும். அதுக்கு நாக்அவுட் திசுதான் (அந்த சேனலோட ஜீன நீக்கின விலங்கோட திசு) சரியான சோதனை.