இங்கிலாந்தில் மூட்டுவாத டாக்டரைத் தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

செப்டம்பரில் ஒரு காலை பால் கேனின் மூடியைத் திருக முடியவில்லை. விரல் மடங்கவே இல்லை. முதல் நாள் தூங்கிய வாகு சரியில்லை என்று நினைத்தேன், அப்புறம் கீபோர்டு தட்டித் தட்டி வந்தது என்று நினைத்தேன், நவம்பரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அங்க குளிருதுல்ல, அதான். பொங்கலுக்கு வரும்போது நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்மா" என்றார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். அந்த நாலு மாதம்தான் நான் செய்த முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

எனக்கு வந்தது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிற நோய். வீக்கம் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்துவிட்டால் மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. எலும்பை அரிக்க விட்டுவிட்டால் அரித்தது திரும்பி வராது. அதனால் "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது பல்லுக்கோ கண்ணாடிக்கோ சரிப்பட்டு வரலாம், வீங்கிய மூட்டுக்கு வராது.

ஊருக்குப் போனதும் அடுத்த தவறு. மூட்டு வலி என்றால் நம் ஊரில் கால் தானாக எலும்பு டாக்டரிடம்தான் போகும். எலும்பு முறிவு, தேய்மானம், மூட்டு மாற்று எல்லாம் அவர்கள் வேலை. எதிர்ப்பு சக்தி தாறுமாறாகி வருகிற வீக்கத்துக்கு ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத மருத்துவர், வேண்டும். நான் பார்த்தவர் கையைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார், மூன்றாம் நாளே வலி மாயமாகப் போனது, நான் அவரைக் கும்பிடாத குறையாக விமானம் ஏறினேன். இங்கே வந்து ஜி.பி.யிடம், அதாவது நாம் பதிவு செய்துள்ள குடும்ப டாக்டரிடம், கையை நீட்டினால் வீக்கமே இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. "மறுபடி வந்தால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, பிற்பாடு எனக்கு மூட்டுவாத டாக்டரே அதைக் கொடுத்தார். ஆனால் நோய் இன்னது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டால் டாக்டர் பார்க்க வேண்டிய வீக்கத்தையே அது மறைத்துவிடும். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. எந்தத் தேதியிலிருந்து எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். "மூலிகை மாத்திரை, இரண்டே நாளில் வலி போய்விட்டது" என்று யாராவது பொட்டலம் கொடுத்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருக்கும், சிலவற்றில் ஈயமும் பாதரசமும்கூட இருந்திருக்கின்றன.

சரி, இங்கே ருமட்டாலஜிஸ்டிடம் எப்படிப் போவது? நேராகப் போக முடியாது. ஜி.பி.தான் வாசல், அவர் எழுதுகிற பரிந்துரைக் கடிதம் இல்லாமல் என்.எச்.எஸ். (இங்கத்திய அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் உள்ளே விடமாட்டார்கள். இன்னும் ஜி.பி.யில் பதிவே செய்யாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர், வீட்டு வாடகை ஒப்பந்தம் வரட்டும், விசா அட்டை வரட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். இங்கிலாந்தில் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசா சான்றோ கட்டாயம் இல்லை. வந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

அப்புறம் ஜி.பி.யிடம் என்ன சொல்கிறோம் என்பது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நாம் "உடம்பு வலி", "கை கால் குடைச்சல்", "ரொம்ப அசதி" என்று சொல்லிப் பழகியவர்கள், அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் அவர் பாரசிட்டமால் சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள் என்பார். அவர் மேல் தப்பில்லை, பத்து நிமிடத்தில் அவர் கேட்டது அவ்வளவுதான். மூன்று விஷயங்களை நேராகச் சொல்ல வேண்டும். எந்தெந்த மூட்டு வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்த பிறகு இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆகிறது (அரை மணி நேரத்துக்கு மேல் என்றால் அதை அழுத்திச் சொல்லுங்கள்). கை கொடுப்பதுபோல் விரல் முட்டிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் வலிக்கிறதா. இதோடு எத்தனை வாரமாக இருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் இருக்கிற நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள், அப்பாயின்ட்மென்ட் நாளன்று பார்த்துத்தான் வீக்கம் வடிந்திருக்கும். நம் தோல் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால், வீங்கிய கையையும் வீங்காத கையையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் நிறையப் பேசும். எனக்கு ஸ்டீராய்டு வேகம் அடங்கி வீக்கம் திரும்பி வந்தபோது நான் அனுப்பிய மூன்று படங்கள்தான் கடிதத்தை எழுத வைத்தன.

"ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று திரும்பி வருவதும் தவறுதான், ஆனால் இதில் பாதி பொறுப்பு நம்முடையது இல்லை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி., சி.ஆர்.பி. என்று இதற்காகப் பார்க்கிற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் முடக்குவாதம் வரும். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பே அதை எழுதி வைத்திருக்கிறது: காரணம் தெரியாத மூட்டு வீக்கம் தொடர்ந்து இருந்தால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், கை கால்களின் சின்ன மூட்டுகளில் இருந்தாலோ ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டில் இருந்தாலோ தொடங்கி 3 மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் வந்திருந்தாலோ, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால்கூட, 3 வேலை நாட்களுக்குள் அவசரமாக அனுப்ப வேண்டும் என்கிறது. அனுப்பிய 3 வாரத்துக்குள் நிபுணர் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்களின் தர அளவுகோல். நடைமுறையில் பல ஊர்களில் அதைவிட நாளாகிறது, உண்மைதான். ஆனாலும் இந்த வரிகள் தெரிந்திருந்தால் "நைஸ் வழிகாட்டுதல்படி இது அவசரப் பரிந்துரைக்குப் பொருந்துமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முதுகு வலியிலும் இதே கதை உண்டு. 45 வயதுக்கு முன் தொடங்கி, மாதக்கணக்கில் நீடித்து, படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி என்றால் அது வெறும் முதுகுப் பிடிப்பாக இல்லாமல் இருக்கலாம், அதற்கும் மூட்டுவாத டாக்டர்தான்.

இனி "யார் பெஸ்ட்?" என்கிற கேள்வி. சென்னையில் நாலு பேரைக் கேட்டு ஒரு பெயரைப் பிடித்து, டோக்கன் போட்டு, அவரையே பார்ப்போம். இங்கே வந்தும் வாட்ஸ்அப் குழுவில் பெயர் கேட்கிறோம், யாரோ லண்டனில் ஒரு பெயர் சொல்கிறார்கள், மான்செஸ்டரில் இருக்கிறவர் அவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார். இந்த நோய் ஒரு தடவை காட்டிவிட்டு வருகிற நோய் இல்லை, பல வருடம் கூடவே வருவது. அதனால் பெரிய பெயரைவிட, நோய் கிளம்பிய அன்று போன் செய்தால் எடுக்கிற ஒரு துறை வேண்டும். நான் இன்று "நல்ல டாக்டர்" என்று சொல்வது இதைத்தான்: வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம், புது நோயாளிகளுக்கென்று தனி கிளினிக், மூட்டுவாத நர்ஸ்கள் பார்க்கிற உதவி எண், மருந்து வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்து மாற்றுகிற பழக்கம். இங்கிலாந்தில் ஜி.பி. பரிந்துரைக்கும்போது எந்த மருத்துவமனை என்று நீங்களே தேர்ந்தெடுக்க உரிமை உண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்த ஏற்பாடு இப்படி இல்லை. என்.எச்.எஸ்.ஸின் மை பிளான்டு கேர் தளத்தில் எந்த மருத்துவமனையில் எத்தனை வாரக் காத்திருப்பு என்று பார்க்கலாம், பக்கத்து ஊரில் பாதி நாளில் கிடைத்தாலும் கிடைக்கும். டாக்டரின் தகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் தளத்தில் பெயரைப் போட்டு, நிபுணர் பட்டியலில் ருமட்டாலஜி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இலவசம்.

பிரைவேட்டில் போகலாமா? அவசரத்துக்குப் போகலாம், நான் குறை சொல்லமாட்டேன். முதல் சந்திப்புக்கே பெரும்பாலும் 200 பவுண்டுக்கு மேல் ஆகும், ரத்தமும் ஸ்கேனும் தனி. ஆனால் அதற்கப்புறம் மருந்தும் மாதாமாத ரத்தப் பரிசோதனையும் யார் பார்ப்பது? பிரைவேட் டாக்டர் ஆரம்பித்த மருந்தைத் தொடர்ந்து எழுத ஜி.பி. மறுக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. எதிர்ப்பு சக்தியின் தாக்குதலை அடக்குகிற, விலை உயர்ந்த பயலாஜிக் ஊசிகள் வேண்டுமென்றால் கடைசியில் என்.எச்.எஸ். துறைக்குத்தான் வர வேண்டும். அதனால் பிரைவேட்டில் பார்க்கிறவர் உங்கள் ஊர் என்.எச்.எஸ். மருத்துவமனையிலும் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், என்.எச்.எஸ். வரிசையில் போட்ட பெயரையும் எடுத்துவிடாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஊரில் எடுத்த எக்ஸ்ரே, ரத்த அறிக்கை, சாப்பிட்ட மருந்துகள் எல்லாம் வேண்டும். மருந்தின் கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நோயின் வேகத்தை டி.ஏ.எஸ். 28 என்று ஒரு கணக்கில் அளப்பார்கள், 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து. அந்த 28-இல் பாதங்கள் கிடையாது! எனக்குப் பாதத்தில்தான் வலி அதிகம், முதல் இரண்டு சந்திப்பிலும் நான் ஷூவைக் கழற்றவே இல்லை. நீங்களே கழற்றிக் காட்டுங்கள். நம் ஊர்ப் பக்கம் போய்வந்த பிறகு காய்ச்சலோடு தொடங்கிய மூட்டு வலி என்றால் சிக்குன்குனியாவாக இருக்கலாம், அது மாதக்கணக்கில் இழுக்கும், இங்கே உள்ளவர்களுக்குத் தானாகத் தோன்றாது. வீட்டில் யாருக்காவது டி.பி. வந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பயலாஜிக் மருந்து உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி.யை எழுப்பிவிடலாம், முன்கூட்டியே தெரிந்தால் சில மாதம் மாத்திரை கொடுத்து அதைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குவார்கள். இந்த வெயில் இல்லாத நாட்டில் நம் தோலுக்கு வைட்டமின் டி போதாமல் போவதும் சாதாரணம், அதுவே எலும்பு வலியாகத் தெரியும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகமிகக் கவனமாக இருங்கள். முடக்குவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே பொதுவாக 2.5 மில்லிகிராம் மாத்திரைதான் தருவார்கள், வாரம் 15 மில்லிகிராம் என்றால் ஆறு மாத்திரை. ஊரில் அதே மருந்து 7.5, 10, 15 என்று ஒரே மாத்திரையில் கிடைக்கும். ஊருக்குப் போயிருக்கும்போது மருந்து தீர்ந்துபோய், கடையில் வாங்கி, பழக்கத்தில் ஆறு மாத்திரையை எண்ணி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எண்ணிக்கையை நினைவில் வைக்காதீர்கள், மில்லிகிராமை வையுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது, முன்னாலேயே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

அம்மா அப்பாவை விசிட்டர் விசாவில் கூட்டி வந்திருப்பவர்களுக்கு: ஜி.பி.யைப் பார்க்கக் கட்டணம் இல்லை, ஆனால் மருத்துவமனைச் சிகிச்சைக்கு என்.எச்.எஸ். தன் வழக்கமான விலையில் 150 சதவீதம் வசூலிக்கும். அவர்களுடைய மூட்டுவாத மருந்துகளை டாக்டர் கடிதத்தோடு தங்குகிற நாள் முழுதுக்கும் போதுமான அளவு எடுத்து வரச் சொல்லுங்கள், பயணக் காப்பீட்டில் இந்த நோயைக் குறிப்பிட்டு எடுங்கள். இங்கேயே குடியிருக்கும் பெரியவர்கள் என்றால், மகனோ மகளோ மொழிபெயர்க்க வேண்டியதில்லை, முன்கூட்டியே கேட்டால் மருத்துவமனையே தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்யும். பிள்ளை முன்னால் சொல்லக் கூசுகிற விஷயங்கள் அவர்களுக்கும் இருக்கும்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம்தான், ஆனால் இதனால் இடம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வருகிற அழைப்பில் பெரும்பாலும் எண் தெரியாது, ஏதோ மோசடி என்று நாம் எடுப்பதில்லை. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். சொன்ன நாளில் போகாவிட்டால் உங்களை மறுபடி ஜி.பி.யிடமே அனுப்பிவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். பரிந்துரை போன அன்றே ஜி.பி.யிலும் மருத்துவமனையிலும் உங்கள் போன் எண்ணும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அந்த வாரங்களில் வருகிற எல்லா அழைப்பையும் எடுங்கள்.