சோறில்லாத இரவுக்கு மாட்டிறைச்சிக் கொத்துக்கறி

அத்தாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எங்கள் வீட்டில் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டோம். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அதே அளவு முட்டைக்கோஸில் 6 கிராம்தான். அதனால் கறியோடு கோஸையே சேர்த்துவிடுகிறேன். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சோற்றைக் குறையுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

நான்கு பேருக்கு, கொத்திய மாட்டிறைச்சி 500 கிராம், நீளவாக்கில் நறுக்கிய கோஸ் 300 கிராம், வெங்காயம் ஒன்று, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி. மிளகாய்த்தூள், சீரகத்தூள், மிளகுத்தூள் தலா ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய். வழக்கமாகப் போடும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இதில் வேண்டாம். கிச்சாப் மானிஸ் என்கிற இனிப்புச் சோயா சாஸும் வேண்டாம், அதில் பாதி சீனிதான்.

நான் சிங்கப்பூர்த் தேக்கா ஈரச்சந்தையில் ஹலால் கடையில் அரைத்துத் தரச் சொல்லி வாங்குவேன். உறைந்த கறி என்றால் முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் மேசைமேல் வைத்து உருக்கக் கூடாது.

சரி, அடுப்பைப் பற்றவைப்போம். அகலமான சட்டியை நன்றாகச் சூடாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். கறியின் ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுத்து, சட்டியில் பரப்பி அழுத்தி, மூன்று நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். புதிதாகச் சமைப்பவர்களுக்கு இதுதான் கஷ்டம், கை கிண்டச் சொல்லும். பிறகு உடைத்துக் கிளறினால் சளசளவென்று நீர் விட்டுச் சாம்பல் நிறமாகும். இந்த நேரத்தில் மசாலாவைக் கொட்டினால் கிடைப்பது அவித்த கறிதான். பொறுங்கள். நீர் வற்றியதும் சத்தம் மாறும்: சளசளப்பு அடங்கி, கறி தன் கொழுப்பிலேயே படபடவென்று பொரியும். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டுகிறதே, ருசியெல்லாம் அதில்தான். சட்டி சிறியதென்றால் இரண்டு தடவையாக வறுங்கள்.

அப்புறம் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, விழுது. பச்சை வாடை போனதும் தூள்கள், உப்பு, தக்காளி. தக்காளி விடும் நீரில் அடியில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள். கடைசியில் கோஸைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் கிளறினால் போதும். மூடினால் நீர்த்துவிடும்.

கறியில் எங்கும் சிவப்பு தெரியக் கூடாது. வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ் பாருங்கள். முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேலோடு இருக்கும். அரைத்த கறியில் உள்ளே வரை கலந்துவிடும், அதனால் இங்கே அரைவேக்காடு ஆகாது.

இறக்கி எலுமிச்சை பிழிந்து, சூடாகச் சாப்பிடுங்கள். மிச்சம் குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். எங்கள் வீட்டில் மறுநாள் காலையே இரண்டு முட்டையை அடித்து ஊற்றி அடையாகச் சுட்டு அத்தாவுக்குக் கொடுத்துவிடுவோம்.