சுத்திகரித்த கழிவுநீரில் திராட்சை: உப்புக்குக் கணக்குப் போடுவது எப்படி

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குத் தெற்கே மெக்லாரன் வேல். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களுக்கு 1999 முதல் கிறிஸ்டிஸ் பீச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது. இந்தத் தண்ணீர் என்றதும் எல்லோரும் கிருமியைப் பற்றித்தான் கேட்பார்கள். கொடியைக் கெடுப்பது உப்பு.

1. தண்ணீர்ப் பரிசோதனை. இ.சி. (மின்கடத்துதிறன்; உப்பின் அளவைக் காட்டும்), சோடியம், கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, நைட்ரஜன் எல்லாம் கேளுங்கள். உதாரணமாக லிட்டருக்குச் சோடியம் 230 மி.கி., கால்சியம் 40, மெக்னீசியம் 24 என்று வைத்துக்கொள்வோம். முறையே 23, 20, 12 ஆல் வகுத்தால் 10, 2, 2. பின்னிரண்டின் சராசரி 2. அதன் வர்க்கமூலத்தால் 10-ஐ வகுத்தால் 7. இதுதான் சோடியம் விகிதம் (எஸ்.ஏ.ஆர்.). இது கூடக் கூட மண் களராகும் ஆபத்தும் கூடும்; அதற்குத்தான் 4-ல் வரும் ஜிப்சம்.

2. வடிகட்டி. முதலில் மணல் வடிகட்டி, அடுத்து 130 மைக்ரான் டிஸ்க். வலை ஃபில்டர் வேண்டவே வேண்டாம். பாசி அதில் பிதுங்கி வெளியேறிவிடும். குளோரினை லேட்டரலின் (சொட்டுநீர்க் கிளைக்குழாயின்) கடைசி முனையில் அளந்து பாருங்கள், 1 முதல் 2 பி.பி.எம். (லிட்டருக்கு மி.கி.) இருக்கட்டும். தண்ணீரில் அமோனியா இருந்தால் குளோரினைத் தின்றுவிடும். அமிலத்தையும் குளோரினையும் ஒரே தொட்டியில் கலந்தால் விஷவாயு!

3. கூடுதல் நீர். திராட்சை தாங்கும் மண் இ.சி. 1.5 (மீட்டருக்கு டெசிசீமன்ஸ்). தண்ணீரின் இ.சி. 1.2 என்றால் 1.2 ÷ (5 × 1.5 − 1.2) = 0.19. அதாவது விடும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு, உப்பை வேருக்குக் கீழே தள்ளத்தான். கொடிக்கு 160 மி.மீ. தேவையென்றால் 200 விடுங்கள். அதில் லிட்டருக்கு 10 மி.கி. நைட்ரஜன் இருந்தால் ஹெக்டேருக்கு 20 கிலோ தானாகவே சேரும். அதை உரக்கணக்கில் கழிக்காவிட்டால் இலை அடர்ந்து கொத்து அழுகும்.

4. ஜிப்சம் (மண்ணிலிருந்து சோடியத்தை விலக்கும் கால்சியம் உப்பு). பலரும் சறுக்குவது இங்கேதான். கோடை முழுக்க மண் நன்றாக நீர் குடிக்கும், சோடியம் ஏறிக் களர் ஆனதே தெரியாது. காரணம், பாசன நீரிலுள்ள உப்பே களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். இலையுதிர்காலத்தின் முதல் மழையில் உப்பு இல்லை. துகள்கள் பிரிந்து, துளைகள் அடைபட்டு, மேல்மண் இறுகி, தண்ணீர் தேங்கும்.

அதனால் மழைக்கு முன்பே சோதியுங்கள். சொட்டுவானுக்கு அடியிலிருந்து உலர்ந்த மண்கட்டி இரண்டு எடுத்து, ஒன்றைப் பாசன நீரிலும் மற்றதை மழைநீரிலும் போடுங்கள். குலுக்கக் கூடாது. மறுநாள் மழைநீர்க் கிண்ணத்தில் மட்டும் பால்போல் கலங்கியிருந்தால் ஜிப்சம் தேவை: ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 டன், கொடி வரிசையில் மட்டும், மழைக்கு முன்.

புதிதாக நடுவோர் ராம்சே, 1103 பால்சன் போன்ற வேர்ச்செடியில் ஒட்டியதை வாங்குங்கள். அவை குளோரைடை ஓரளவு தடுக்கும்.

பிற்சேர்க்கை: தூறல் விழுந்தால் பாசனத்தை நிறுத்தலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. ஈரவட்டத்தின் விளிம்பில் ஒதுங்கிய உப்பைத் தூறல் வேருக்கே திருப்பித் தள்ளும். நல்ல மழை பிடிக்கும்வரை சொட்டு ஓடட்டும்.