ஜெர்மனியில் உறவினர் வீடும் ஊர் சுற்றலும்: குடும்பத்தோடு பத்து நாள் ரயில் பயணம், படிப்படியாக

ஜெர்மனிக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களை முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு நாளைச் சித்தப்பா வீட்டுக்கு ஒதுக்குகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். உறவினர் வீட்டில் நாலு இரவு என்று முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக அமையும். உதாரணத்துக்கு ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, 8 வயதில் ஒரு பிள்ளை, 4 வயதில் ஒரு பிள்ளை. உறவினர் இருப்பது டோர்ட்முண்டில். பிராங்க்பர்ட்டில் இறங்கி ஹாம்பர்க்கில் 2 இரவு, பெர்லினில் 3, டோர்ட்முண்டில் 4, மறுபடி பிராங்க்பர்ட்.

1. தேதியை அவர்களிடம் கேளுங்கள்

ஜெர்மனியில் பள்ளி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். விருந்தாளி வருகிறார்கள் என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தராது. வேலையில் விடுப்பையும் பல மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் விமான டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

2. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இல்லை. பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தில் நிதானம் தேவை. உறவினர் தம் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டிக் கையெழுத்திடும் பொறுப்பேற்புப் பத்திரம் வேறு, சாதாரண அழைப்புக் கடிதம் வேறு. பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் உங்கள் செலவுக்கு அவர் சட்டப்படி பொறுப்பாளி. உங்கள் வங்கிக் கணக்கிலேயே போதிய பணம் இருந்தால் அந்தச் சுமையை அவர்மீது வைக்காதீர்கள். தங்கும் முகவரியோடு ஒரு அழைப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ரயில் டிக்கெட்

ஊர் விட்டு ஊர் போக ஐசிஇ விரைவு ரயில். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் முன்கூட்டி எடுத்தால் சூப்பர் ஸ்பார்பிரைஸ், ஸ்பார்பிரைஸ் என்று மலிவுக் கட்டணங்கள் கிடைக்கும். இரண்டுமே குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். சூப்பர் ஸ்பார்பிரைஸை ரத்து செய்தால் பணம் திரும்பாது. எனவே வந்திறங்கும் நாளில் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது. விமானம் தாமதமானால் டிக்கெட் வீணாகும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் 3 மணி நேரமாவது விடுங்கள்.

6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பெரியவரோடு ஐசிஇயில் இலவசமாகப் போகலாம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளையையும் சேர்த்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டுபவர்கள் பலர். 6 வயதுக்குக் கீழ் டிக்கெட்டே வேண்டாம். ஆனால் டிக்கெட் இல்லாத பிள்ளைக்கு இருக்கையும் தானாக வராது. நாலு பேருக்கும் இருக்கை முன்பதிவு செய்யுங்கள், அது தனிக் கட்டணம்.

டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. பிராந்திய ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇயில் செல்லாது. இதில் 8 வயதுப் பிள்ளைக்கும் தனி டிக்கெட் வேண்டும். இது சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். காலண்டர் மாதக் கணக்கு என்பதால், பயணம் இரு மாதங்களில் விழுந்தால் இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். பத்து நாளுக்கு, ஊர்களுக்கிடையே ஐசிஇ, ஊருக்குள் நாள் டிக்கெட் என்று வைத்துக்கொள்வதே குடும்பத்துக்குச் சிக்கனம்.

தேடும்போது ஊர்ப் பெயரை முழுதாகப் பாருங்கள். பிராங்க்பர்ட் இரண்டு உண்டு. விமான நிலையம் இருப்பது மைன் நதிக்கரையில். ஓடர் நதிக்கரைப் பிராங்க்பர்ட் போலந்து எல்லையில் இருக்கிறது.

4. பிளாட்பாரத்தில்

பிளாட்பாரத்தின் மேல் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று செயலியிலும் அறிவிப்புப் பலகையிலும் பார்த்து, ரயில் வரும் முன்பே அங்கே போய் நில்லுங்கள். பெட்டிப்படுக்கையோடு நீள ரயிலின் மறுமுனைக்கு ஓடுவது பிள்ளைகளோடு முடியாத காரியம்.

பெர்லினிலிருந்து டோர்ட்முண்ட் போகும்போது இது இன்னும் முக்கியம். இந்தத் தடத்தில் பல ஐசிஇக்களை இரண்டு ரயில்களாகக் கோத்து ஓட்டுவார்கள். டோர்ட்முண்டுக்கு முந்தைய ஹம் நிலையத்தில் பிரித்து, ஒரு பாதியை டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாகவும் மறு பாதியை ஹாகன், வூப்பர்டால் வழியாகவும் அனுப்புவார்கள். ஓடும்போது ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு நடந்து போக வழியில்லை. பெட்டியின் கதவருகே உள்ள திரையில் எந்த ஊர் என்று படித்துவிட்டு ஏறுங்கள். தவறாக ஏறிவிட்டால் ஹம்மில் இறங்கி, அதே பிளாட்பாரத்தில் மறு பாதிக்கு மாறிக்கொள்ளலாம்.

தாமதம் சகஜம். சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்த ஒரே ரயில் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் போகலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமானால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம், 3 மாதத்துக்குள். பெரிய தடங்களை மாதக்கணக்கில் மூடிப் பழுது பார்க்கிறார்கள். ஹாம்பர்க்–பெர்லின் தடமே 2025 ஆகஸ்டில் அப்படி மூடப்பட்டது. புறப்படும் முந்தின இரவு ஒருமுறை செயலியைப் பாருங்கள்.

5. ஊர்களில்

ஹாம்பர்க்கில் லாண்டுங்ஸ்புரூக்கன் துறையிலிருந்து 62ஆம் எண் படகு ஏறுங்கள். நகர டிக்கெட்டே போதும், சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டாம். அதே இடத்தில் எல்ப நதிக்கு அடியில் 1911இல் திறந்த சுரங்கப்பாதையில் இலவசமாக நடக்கலாம். சிறு ரயில் மாதிரிகளின் கண்காட்சியான மினியேச்சர் வுண்டர்லாண்டுக்கு நேரம் குறித்து டிக்கெட் எடுக்காமல் போகாதீர்கள்.

பெர்லினில் நாடாளுமன்றக் கண்ணாடிக் குவிமாடம் இலவசம். ஆனால் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் முன்பே பதிந்து, கடவுச்சீட்டோடு போக வேண்டும். 100ஆம் எண் பேருந்து முக்கிய இடங்கள் பலவற்றைத் தொட்டுச் செல்லும்.

டோர்ட்முண்டிலிருந்து ஆர்ஈ 1 என்ற பிராந்திய ரயில் ஒரு பக்கம் கொலோனுக்கும் மறுபக்கம் ஹம்முக்கும் போகிறது. கொலோன் தேவாலயம் நிலையத்துக்கு வெளியே வந்ததும் கண்முன் நிற்கும். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம், உயரம் 157 மீட்டர். கோபுரம் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. 4 வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கும், யோசித்துச் செய்யுங்கள்.

ஹம்மில் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்தது. தொழிற்பேட்டை நடுவே கோபுரம் தெரியும். தேர்த் திருவிழாவையொட்டி அருகிலுள்ள கால்வாயில் தீர்த்தம் நடக்கும், ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். நிலையத்திலிருந்து நகரின் ஓரம் வரை பேருந்தில் போக வேண்டும், திரும்பும் பேருந்து நேரத்தையும் இறங்கும்போதே பார்த்து வையுங்கள்.

6. உறவினர் வீட்டு வாசலில்

அடுக்குமாடியில் வீட்டு எண் இருக்காது. அழைப்பு மணிப் பலகையில் குடும்பப் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். நீங்கள் 'ராசு மாமா' என்று தேடினால் கிடைக்காது. கடவுச்சீட்டில் உள்ள அப்பா பெயரே பெரும்பாலும் மணியில் இருக்கும். முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் கதவு 'ர்ர்ர்' என்று அதிரும். அந்தச் சத்தம் கேட்கும்போதே தள்ளினால்தான் திறக்கும்.

கொண்டுபோகும் பொருளில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும், நெய், பால்கோவா போன்ற பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை, மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, துரியனுக்கு மட்டும் வேண்டாம். மிளகாய்த்தூள், காய்ந்த மசாலா கொண்டுபோகலாம். கொடுப்பதற்காகக் கொண்டுபோகும் நகை, பரிசு எல்லாம் சேர்த்துப் பெரியவருக்கு 430 யூரோ மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே சமையலுக்கு வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. பிள்ளைகள் மரத்தரையில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் புகார் செய்வது உங்கள் உறவினர் மீதுதான்.

திரும்பும் நாளில் டோர்ட்முண்டிலிருந்து கொலோன் வழியாக வரும் ஐசிஇ, பிராங்க்பர்ட் ஊருக்குள் போகும் முன்பே விமான நிலையத்தின் தொலைதூர ரயில் நிலையத்தில் நிற்கும். அங்கேயே இறங்குங்கள்.